அண்ணையிடம் கேட்காத கையெழுத்து

கெபெக்கில் வில்லரேப் பகுதியில் உள்ள அந்தக் கிளினிக்கை நான் இன்றைக்கும் தவிர்த்துச் சுற்றிப் போவதில்லை. அதன் முன்னால்தான் நடப்பேன். அவர் என்னைப் பார்க்க வேண்டும்.

அவர் கிளினிக்கின் சொந்தக்காரர், ஊரில் எங்கள் பகுதி ஆள், மூத்த டொக்டர். சுவிஸில் ஒரு கலியாணத்துக்கு மூன்று கிழமை போனபோது, அப்போதுதான் குடும்ப வைத்தியனாகியிருந்த என்னைத் தன் இடத்தில் பதில் வைத்தியனாக இருத்திவிட்டுப் போனார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒருவருக்கும் பதிலாக நிற்காதீர்கள் என்று எங்கள் வைத்தியர் சங்கம் சொல்லியிருந்தது. நான் அதைப் பற்றி வாயெடுத்தவுடனேயே அவர் சிரித்தார்.

"தம்பி, எங்களுக்குள்ள என்னத்துக்குப் பேப்பர்?"

அண்ணை என்று கூப்பிட்ட வாயால் கையெழுத்துக் கேட்க எனக்கு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எங்கள் வீட்டில் பெரிய மனிதரின் வாய்ச்சொல்தான் பத்திரம்.

கடைசி நாளில், களைப்பென்று வந்த ஒரு பெண்ணுக்குக் குருதிப் பரிசோதனை எழுதினேன். முடிவு வந்ததும் பார்க்கவும் என்று அவளுடைய கோப்பில் அவருக்குக் குறிப்பு வைத்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் கழித்து அவள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. அவள் வைத்திய சபையிடம் முறையிட்டாள். விசாரித்த சபைக்கு அண்ணை எழுதினார்: பரிசோதனைக்கு அனுப்பியவரே முடிவையும் பார்ப்பதாகப் பேச்சு; இளம் வைத்தியர், கவனக்குறைவு.

பக்கத்து நகரான லவாலில் எனக்குக் கிடைத்திருந்த சம்பள வேலையை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்தார்கள்.

சங்கம் எனக்காக ஒரு வழக்கறிஞரை நியமித்தது. நரைத்த தலை, கெபெக் பெண்மணி.

"ஒப்பந்தம் எங்கே?"

"இல்லை. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்."

"சொந்த அண்ணனா?"

"இல்லை."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "அப்படியானால் இனி நீங்கள் அவருடன் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்."

அண்ணை சபைக்கு அனுப்பிய கோப்புப் பிரதியை நம்பாமல் வழக்கறிஞர் கிளினிக்கிடம் மூலக் கோப்பைக் கேட்டார். அந்தக் கிழமையே அப்பாவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"பெரிய டொக்டர் போன் அடிச்சவர். எங்கட ஆக்களுக்குள்ள பேசித் தீர்ப்பமாம். பேந்து உனக்கு நல்ல இடம் எடுத்துத் தருவாராம்."

"இதுக்கு முதல் எத்தினை தரம் உங்களோட கதைச்சவர்?"

அப்பா யோசித்தார். "ஒருக்காலும் இல்லை."

"அப்ப இருக்கட்டும் அப்பா."

மூலக் கோப்பு வந்தது. என் குறிப்பு இருந்தது. அடுத்த தாளில், நான் விலகி நான்கு நாளின் பின் வந்த, இரத்தம் குறைந்திருப்பதைக் காட்டிய பரிசோதனை முடிவு. அதன் மூலையில் அண்ணையின் சுருக்கக் கையெழுத்து. சபைக்கு அவர் அனுப்பிய பிரதியில் இந்த இரண்டு தாள்களும் இல்லை.

அண்ணை சபைக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்கத் தயாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சபைக்கும், லவாலுக்கும், அந்தப் பெண்ணுக்கும் நடந்ததை ஒத்துக்கொண்டு எழுத்தில் தர வேண்டும் என்றேன்.

"இது பழிவாங்கலா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"ஓம்," என்றேன். தமிழ்தான், ஆனால் அவருக்கு விளங்கியது. மூன்று கடிதங்களும் போயின. லவாலில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எனக்கு அது போதவில்லை. பதில் வைத்தியர்களுக்கென்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிச் சங்கத்தில் கொடுத்தேன். அதன் முதல் வரி: பதில் வைத்தியர் போன பிறகு வரும் முடிவுகளைக் கிளினிக்காரரே பார்ப்பார். அண்ணையின் கிளினிக்குக்கு யார் போனாலும் தேடிப் பிடித்து ஒரு பிரதி கையில் கொடுப்பேன்.

போன கோடையில் அங்கே பதிலுக்கு நின்ற பெண் டொக்டர் சொன்னார்: "'தங்கச்சி, எங்களுக்குள்ள என்னத்துக்குப் பேப்பர்' எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்ல. பேனையைக் குடுத்தனான்."

அப்போது அண்ணையின் முகம் எப்படி இருந்தது என்று இரண்டு தரம் கேட்டேன்.