வயலின் வாசிக்கும் நேரம்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ‘சொல்லுங்கக்கா’ என்று பெயர். போனை எடுத்தால் அவள் வாயிலிருந்து முதலில் வருவதும் அதுதான், நடுநடுவே வருவதும் அதுதான். குழாயில் வெறும் காற்று வருகிறது என்று புலம்புகிறவருக்கும் ‘சொல்லுங்க’. பள்ளம் தோண்டிப்போட்டு மூடாமல் போய்விட்டார்கள் என்று பல்லை நறநறவென்று கடிக்கிறவருக்கும் ‘சொல்லுங்க’. வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு வசவையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு கழிவறையில் போய் அழுதவள்தான். பிறகு சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எதிராளி பேசுவதை எல்லாம் கேட்க வேண்டியதில்லை. தெருப் பெயரும் கதவு எண்ணும் வரும்போது மட்டும் காதைத் திறந்தால் போதும். மற்ற நேரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது யார் எவ்வளவு கத்தினாலும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

வாரியத்தில் மட்டும் அப்படி இருந்தால் பரவாயில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆளாளுக்குத் தொடங்கிவிடுவார்கள். “ம்மா, என் சார்ஜர் எங்க?” என்பாள் கல்லூரிக்குப் போகும் மகள். “முட்டிக்குத் தடவுற தைலம் தீந்துபோச்சும்மா” என்பார் மாமனார். டயர் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் கணவன் கேள்வி என்று எதுவும் கேட்க மாட்டான். அலமாரி முன்னால் போய் நின்றுகொண்டு, “இங்கதானே இருந்துச்சு” என்று காற்றிடம் சொல்வான். அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடமே. கெட்டவர்களாக இருந்தால் ஒருநாள் நன்றாகக் கத்தித் தீர்த்துவிட்டு அக்கடா என்று இருந்திருக்கலாம்.

ஒருநாள் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச வாரியத்துக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பற்றிப் பேச ஒரு தைரியம் வேண்டும். “சின்ன வயசுல எதைச் செஞ்சா உங்களுக்கு நேரம் போறதே தெரியாது?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி “தூக்கம்” என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினாள். இவள் முறை வந்தபோது “வயலின்” என்று தன்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. “வாரத்துல ஒரு மணி நேரம் அதுக்குன்னு ஒதுக்குங்க மேடம். நேரம் தானா வராது, நாமதான் உண்டாக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போய்விட்டார். உண்டாக்குகிற வேலை வேறொருவன் தலையில் விழுந்தது.

வீட்டில் சிரிப்பதற்காகத்தான் அதைச் சொன்னாள். கணவன் சிரிக்கவில்லை. மறுநாளே ஏணி போட்டு ஏறிப் பரணிலிருந்து வயலின் பெட்டியை இறக்கினான். தூசு தட்டி, கடைக்குக் கொண்டுபோய்ப் புதுத் தந்திகள் போட்டு வாங்கிவந்தான். பிறகு கூடத்தின் நடுவில் நின்று சட்டம் போட்டான். “சனிக்கிழமை சாயங்காலம் யாரும் அம்மா ரூம் கதவைத் தட்டக் கூடாது. வீடே பத்தி எரிஞ்சாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க.”

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவனுக்குக் கேரம். கிடங்கு மூடியதும் பின்னறையில் நண்பர்கள் கூடி ஆடுவார்கள். அவன் அதற்கென்று சொந்தமாக ஒரு ஸ்ட்ரைக்கர் வைத்திருந்தான். அதை ஒரு துணியில் சுற்றி, யார் கையிலும் கொடுக்காமல், பொத்திப் பொத்தி வைத்திருப்பான். அன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ராத்திரிச் சமையலும் இருக்கிறது என்று சொல்லி ஆட்டத்திலிருந்து விலகிவிட்டான். இவளிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கூட ஆடுகிற நண்பர் ஒருவர் கடைத்தெருவில் இவளைப் பார்த்தபோது, “எங்க ஆளை இப்படிக் கட்டிப் போட்டுட்டீங்களே” என்று சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்ததாக அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் சில வாரங்கள் உண்மையாகவே வாசித்தாள். விரல் நுனி எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பழைய பாடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. விரல்கள் தாமாகவே இடத்தைக் கண்டுபிடித்தன. பள்ளிக்கூடம் போகும் வயதில் இதே மெட்டை வாசித்துவிட்டுச் சாப்பிடவே மறந்து உட்கார்ந்திருப்பாள். இப்போது மெட்டு தொடங்கியது, நடந்தது, முடிந்தது. அவளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாயால் சாப்பிடுவது போல இருந்தது. மெல்ல முடிகிறது, விழுங்க முடிகிறது, ருசிதான் எங்கேயோ போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பழகினால் வரும் என்று நினைத்தாள். பழகினாள். வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அவளுக்காக ஏணி ஏறினவன் முகம் என்ன ஆகும்?

மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். “நீ வாசிக்கிறதை ரெக்கார்டு பண்ணிக் கேளும்மா. எங்க தப்பு விடறேன்னு தெரியும்.” சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் கொண்டுவந்து போனோடு இணைத்துக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை முழுவதையும் அவள் பதிவு செய்தாள். அடுத்த சனிக்கிழமை தப்பைக் கண்டுபிடிப்பதற்காக அதை ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே கேட்பதை விட்டுவிட்டாள். வெளியே வந்தபோது அடுப்படியிலிருந்து கணவன் தலையை நீட்டி, “இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. போன வாரத்தைவிட நல்லா இருந்துச்சு” என்றான்.

அவ்வளவுதான். அன்றோடு வயலின் பெட்டி மூடியது மூடியதுதான்.

அதற்குப் பிறகு வாராவாரம் கதவைச் சாத்தித் தாழ் போடாமல், ஏனென்றால் தாழ் போட்டால் சந்தேகம் வரும், ஸ்பீக்கரைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காம்பவுண்டு சுவர், அதன்மேல் எதிர்வீட்டுத் துணிக்கொடி. துணி காயும், அவள் பார்ப்பாள். தூங்க மாட்டாள், போனை நோண்ட மாட்டாள், எதையும் யோசிக்கவும் மாட்டாள். சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் பொய். துக்கமாக இருந்தாள் என்றாலும் பொய். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது போதுமாக இருந்தது. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் ஓட்டினாள். அது போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வயலின் வாசிக்கிறவளைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவளை யார் விடுவார்கள்?

பதிவு செய்த அன்று கூரியர்காரர் வந்து காலிங் பெல் அடித்திருந்தார். அது வயலினோடு சேர்ந்து பதிவாகியிருந்தது. ஒழுங்காக ஒரு தடவை கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். ஆனால் தெருப் பெயர் வராத எதையும் கேட்காமல் விடப் பழகிய காது அது. தன் வாசிப்பையும் அப்படியே விட்டுவிட்டது.

அவஸ்தைப்பட்டது மாமனார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெல் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருக்க அவர் உடம்பு சம்மதிக்காது. முட்டிவலியோடு ‘அப்பா, அம்மா’ என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறப்பார். வாசலில் ஈ காக்கை இருக்காது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான். மாடி வீட்டுப் பிள்ளைகளின் குறும்பு என்று முடிவு கட்டி, ஒரு வாரம் கைத்தடியோடு கதவுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெல் அடித்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் கதவைத் திறந்தார். மாடிப்படியில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. “கையும் களவுமாப் பிடிச்சிடலாம்னு பாத்தா, பய காத்தாப் பறக்கறான்” என்று சாப்பிடும்போது மருமகளிடம் முறையிட்டார்.

“சொல்லுங்க மாமா” என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“சொல்லிட்டேனேம்மா” என்றார் அவர்.

கடைசியில் கணவன், பெல்லில்தான் ஏதோ கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான். பழையது ‘டிங் டாங்’ என்று அடிக்கும், புதியது குருவி மாதிரிக் கத்தும். “பெல்லுன்னா பெல்லு மாதிரி அடிக்க வேண்டாமா?” என்று மாமனார் முகத்தைச் சுளித்தார். பழைய பெல், ஒயரோடு அடுப்படி மேடையில் கிடந்தது. அவள் அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தினமும் சமைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல ஸ்பீக்கரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் அன்று படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கூடத்தில் மாமனாரின் குரல் உயர்ந்தது. “டேய், மறுபடியும் அடிச்சிட்டான்டா! பழைய பெல்லுடா அது!” அந்தக் குரலும் காதில் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது. கதவு திறந்தபோதுதான் திரும்பினாள்.

கணவன் நின்றிருந்தான். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ஒயர் தொங்க அந்தப் பழைய பெல். வயலின் ஓடிக்கொண்டிருந்தது. வயலின் பெட்டி மூடியபடியே கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவன் பெட்டியைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“இது என் கையில இருக்கு” என்றான் மெதுவாக. “அப்ப அங்க அடிச்சது எது?”

அவள் எழுந்து ஸ்பீக்கரை அணைத்தாள்.

“ரொம்ப நாளாவா?”

“ஆமா.”

“வாசிக்கிறதே இல்லையா?”

“முதல்ல வாசிச்சேங்க. ஒண்ணும் வரலை.”

“விரல் வரலையா? அதுக்கென்ன, யார்கிட்டயாவது போய்த் திரும்பக் கத்துக்கிட்டாப் போச்சு.”

“விரல் வருது.”

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். “அப்ப உள்ள என்னதான் பண்றே?”

“சும்மா உக்காந்திருக்கேன்.”

“சும்மா உக்கார்றதுக்கு வெளிய வந்து உக்காரலாமே. ஃபேன்கூட அங்கதான் நல்லா ஓடுது.”

“வெளிய வந்தா சும்மா உக்கார முடியாதுங்க.”

அவன் கொஞ்ச நேரம் பெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் கேரம் போறதை விட்டுட்டேன்” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. இதுவும் ஒரு தகவல் என்பது போலச் சொன்னான்.

“தெரியும்.”

“தெரியுமா?”

கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை, முகம் மட்டும் தொங்கிப்போனது. அந்த இடத்தில் அவள் அழுதிருக்க வேண்டும். எந்த மனுஷியும் அழுதிருப்பாள். அழுகை வருமா என்று அவளும் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான் அவன். “அடுத்த வாரம் நானும் இங்க வந்து உக்காந்துக்கட்டுமா? பேச மாட்டேன். எது எங்க இருக்குன்னு எதுவும் கேக்க மாட்டேன்.”

அவன் உண்மையாகத்தான் கேட்டான். சின்னப் பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு என்ன கேடு?

“வேண்டாங்க” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே எழுந்தான். வெளியே போய், சத்தம் வராமல் கதவை இழுத்துச் சாத்தினான்.

“என்னடா ஆச்சு? பழைய பெல் எங்கேர்ந்து அடிச்சது?” என்று மாமனார் கேட்பது கேட்டது.

“ஒயர்ல ஏதோ கோளாறுப்பா. நான் பாத்துக்கறேன்.”

“வயலின் சத்தத்தையும் காணோமே?”

“மெதுவா வாசிக்கிறா” என்றான் அவன். “டிவியைக் கொஞ்சம் குறைங்க.”

டிவி குறைந்தது. அடுப்படியில் கரண்டியைப் பாத்திரத்தின் மேல் பட்டும் படாமலும் வைத்தான். ஒவ்வொன்றும் அவள் காதில் தெளிவாக விழுந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சில் எங்கோ வலித்தது. எழுந்து போய், ‘நீங்களும் வாங்க’ என்று சொல்லிவிடலாம். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.