ஜூலையில் வந்த கிறிஸ்மஸ் பாட்டு

எங்கள் பனியன் கம்பெனிக்குக் கிறிஸ்மஸ் மே மாதமே வந்துவிடும். கத்திரி வெயிலில் வியர்வை வழிய வழிய, பனிமனிதன் படம் போட்ட சிவப்புத் துணியைத் தைத்து, ஆகஸ்டுக்குள் கப்பலேற்றி விடுவோம். வெளிநாட்டுக் குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டு தூங்கும் டிசம்பரில் நாங்கள் கோடைக்கான கையில்லாத பனியனில் மூழ்கிக் கிடப்போம். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நான் பிறந்த வீட்டுக்கோ கிறிஸ்மஸ் எந்த மாதத்திலும் வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் தங்கியவர்கள். சின்ன பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் இருந்தார்கள். இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை, அதனால் பண்டிகையும் இல்லை என்பது எங்கள் சபையின் பிடிவாதம். டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி அப்பா கட்டாயம் வேலைக்குப் போவார். அவருடைய கம்பெனிக்கு லீவு என்றால் திறந்திருக்கும் வேறு கம்பெனியைத் தேடிப்போய் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருவார். அன்றைக்கு வீட்டில் ரசம் மட்டும்தான். கறி வாசனை வெளியே போனால் பண்டிகை கொண்டாடுகிறோம் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். கறிக்கே இந்தக் கதி என்றால் ஸ்டாரும் கேக்கும் எந்த மூலைக்கு.

கல்யாணம் ஆன பிறகுதான் முதல் கிறிஸ்மஸைப் பார்த்தேன். கணவரின் குடும்பம் தாராபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். வாசலில் ஸ்டார், தெருவெல்லாம் கேரல் பாட்டு, அண்டாவில் பிரியாணி. எனக்கு இத்தனை நாள் யாரோ ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தது போல இருந்தது. அப்போதே நான் இரண்டு ஆல்பம் பாடி வெளியிட்டிருந்தேன். எல்லாம் ஜெபமும் கண்ணீருமான பாட்டுகள். மாமியார்தான் ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனை பாட்டுப் பாடறே, எல்லாம் அழுகாச்சியாவே இருக்குது. கிறிஸ்மஸுக்குனு நாலு பாட்டுப் பாடக் கூடாதா?"

அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு பாட்டு எழுதினேன். அதில் ஒன்று, குழந்தையைப் பார்க்க மேய்ப்பர்கள் இருட்டில் ஓடிவருகிற பாட்டு. அதற்கு டோலக் வேண்டும், அதுவும் அப்பாவின் டோலக்தான் வேண்டும் என்று எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சபையில் டோலக் அவருடையதுதான். முறையாகப் படித்தவர் அல்ல. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும், மூச்சு வாங்கும் வயசாளிகளுக்காக ஒரு இம்மி நின்று, பிறகு ஓடிப்போய்ப் பாட்டைப் பிடித்துக்கொள்வார். அந்த ஓட்டம்தான் எனக்குத் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, டிசம்பரில் விடப்போகிற ஆல்பத்துக்கு டோலக் வாசிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மொதல்ல பாடு, கேப்போம்" என்றார்.

பாடினேன். நாற்காலிக் கையில் அவர் இடது கை விரல்கள் தாளம் போட்டன. சரி, காரியம் பழம் என்று நினைத்தேன்.

"பாட்டுல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார். "அவரு பொறந்தது பொய்யா? ஆனா டிசம்பர்ல விடுததா இருந்தா நான் வாசிக்க மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "வேதத்துல தேதி போடலன்னா எல்லா நாளும் ஒண்ணுதானப்பா? டிசம்பர் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சி?"

"எல்லா நாளும் ஒண்ணுன்னா ஜூலையில விடேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

கோபம் இரட்டிப்பானது. என் முதல் கிறிஸ்மஸ் ஆல்பம். கேரல் போகிறவர்கள் அதைப் பாட வேண்டும், ஆலயங்களில் ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். ஜூலையில் விட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. டிசம்பரில் விட்டாலோ அப்பா இல்லாத பாட்டாகிவிடும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் வீட்டில் இருந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பாட்டைப் பதிவு செய்கிற ஸ்டுடியோக்காரத் தம்பி சுலபமான வழி சொன்னார். "கம்ப்யூட்டர்லயே டோலக் லூப் இருக்குதுங்கக்கா. போட்டுட்டா நெசம் எது, மெஷின் எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

போட்டார். ஒரு பிசிறு இல்லை. அடிக்கு அடி அச்சுப் பிசகாமல் விழுந்தது. மேய்ப்பர்கள்தான் ஓடவில்லை, வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வீம்பு விடவில்லை. இதுவே போதும், டிசம்பரில் விடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கணவர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "ஏனம்மிணி, மாமா பொறப்பு வேண்டாம்னாரா, டிசம்பர் வேண்டாம்னாரா?"

"டிசம்பர்தான்."

"அப்பறம் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?"

அதற்கும் அவர் மேல் பாய்ந்தேன்.

அந்த வாரம் செக்கிங் டேபிளில் சிவப்பு பைஜாமாக்கள் குவிந்து கிடந்தன. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்த பெண் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "கிறிஸ்மஸ் இப்பவா மேடம்?" என்று கேட்டாள். "இப்ப அனுப்பினாத்தான் டிசம்பருக்கு அங்க போய்ச் சேரும்" என்றேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. வருஷா வருஷம் இதே வேலையைச் செய்கிறவள், என் பாட்டுக்கு மட்டும் டிசம்பரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அன்றே அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஜூலையிலயே விடுதேம்ப்பா."

ஸ்டுடியோ எங்கே என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சனிக்கிழம சாயந்தரம் வாரேன்" என்றார்.

வேட்டி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, டோலக்கைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். மைக்கைப் பார்த்து முதலில் மிரண்டார். ஹெட்போனை மாட்டியதும் பாட்டு காதுக்குள் கேட்கிறதே என்று சிரித்தார். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓடிய, துணி பின்னும் நிட்டிங் மெஷினை ஸ்டுடியோக்காரத் தம்பி நிறுத்தச் சொன்னதும், அப்பா ஜெபம் பண்ணிவிட்டு, வாசித்தார். மேய்ப்பர்கள் ஓடினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியவில்லை.

ஜூலையில் ஆல்பம் வந்தது. நினைத்தபடியே யாரும் சீண்டவில்லை. கேட்ட ஓரிருவரும், "சிஸ்டர், கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே" என்று எழுதினார்கள். டிசம்பரில் கணவரின் ஆலயத்தில் ஒரு முறை பாடினார்கள், அதோடு சரி. அப்பா வழக்கம் போல இருபத்தைந்தாம் தேதி வேலைக்குப் போனார். அம்மாவின் யோசனைப்படி பிரியாணியை மறுநாள் கொடுத்தனுப்பினோம். தேதி மாறிவிட்டதால் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்களாம். வெளியே சிரித்தாலும் உள்ளே எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அப்பாவுக்காக என் ஆல்பத்தை நானே குழியில் போட்டு மூடிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, அம்மா கூப்பிட்டாள் என்று பழைய சபைக்குப் போனேன். ஷீட் போட்ட கூரை, அனல் இறங்கியது. பிரசங்கத்துக்கு முன் பாஸ்டர் ஐயா, "யாராவது ஒரு பாட்டை எடுங்க" என்றார். அங்கே யார் வேண்டுமானாலும் பாட்டைத் தொடங்கலாம். ஆனால் அப்பா ஒருநாளும் தொடங்கியதில்லை. மற்றவர்கள் பாடுவதற்கு வாசிப்பது மட்டும்தான் அவர் வேலை. அன்று அவரே டோலக்கில் கை வைத்து, கரகரத்த குரலில், மேய்ப்பர் பாட்டின் முதல் வரியைப் பாடினார்.

இரண்டாவது வரியில் சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. ஒருவர் கையிலும் காகிதம் இல்லை. எத்தனையோ வாரமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. கிறிஸ்மஸே கொண்டாடாத மனிதர்கள், சபை வழக்கப்படி வெள்ளைச் சேலையும் நகை போடாத வெறுங்கழுத்துமாக, பங்குனி வெயிலில் கை தட்டி என் கிறிஸ்மஸ் பாட்டைப் பாடினார்கள். டிசம்பரில் விட்டிருந்தால் இந்த வாசற்படியை அது தாண்டியிருக்காது.

நான் கை தட்டுவதையும் மறந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள். "பாடுட்டி, ஒம் பாட்டுதான?"

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது சரணத்தையும் அவரே எடுத்துக்கொடுத்தார்.