செல்விக்கா பார்க்காத பூச்சி

போன வாரம் ஒரு காலை. மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், வாளியைக் கீழே போட்டுவிட்டேன். இலைக்கு இலை குட்டி குட்டியாக வெள்ளைப் பூச்சிகள்! குண்டு உடம்பு, சீப்பு மாதிரி மீசை. தொட்டாலும் பறக்கவில்லை... நின்ற இடத்திலேயே இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. இது என்ன ஜென்மம்?

அதியமான்கோட்டையில் எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்விக்காவின் மல்பெரித் தோட்டம். ஷெட் நிறையப் பட்டுப்புழு வளர்க்கிறார். குரல் கொடுத்தேன். எட்டிப் பார்த்தவருக்கு முகமே வெளுத்துவிட்டது.

"ஐயோ, என்னா கண்ணு இது! எங்க தழையில உக்காந்தா என் பொழப்பே போச்சு. மருந்தும் அடிக்க முடியாது. அந்தத் தழையைத் தின்னா புழு அத்தனையும் செத்துப்பூடும்!"

புழுக்கள் கூடு கட்டப்போகிற நேரம் வேறு. துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டார்.

"இருங்கக்கா, என்னன்னு பாத்துட்டு அடிக்கலாம்" என்று தடுத்தேன். போனில் படம் எடுத்து, பூச்சி பெயர் சொல்லும் ஆப்பில் போட்டேன்.

பதிலைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. பட்டுப்பூச்சி!

அக்கா நம்பவில்லை. "எங்க புழுவாவது, இப்புடி ஆவறதாவது! போன் பொய் சொல்லுது."

நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகைப் பந்தலில் நான் கட்டிய பட்டுக்கூட்டு மாலை. முந்தின பேட்ச் விற்றபோது, கறைபட்டு விலைபோகாத கூடுகள் என்று அக்காவே கொடுத்தது. அழகாக இருக்கிறதே என்று நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு கூட்டிலும் ஓர் ஓட்டை!

செல்விக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி வருசமா வளக்குறேன்... இதுங்க மூஞ்சி எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாம போச்சே கண்ணு!"

எப்படித் தெரியும்? பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்து கூடு வீண். அதற்குள் சந்தைக்குப் போய், உள்ளிருக்கும் புழுவோடு சேர்ந்து வெந்நீரில் வெந்து நூலாகிவிட வேண்டும். பீரோவில் பட்டுப்புடவை அடுக்கி வைத்திருக்கும் எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது. விலை போகிற வரைக்கும்தானே நாம் எதையும் பார்க்கிறோம்?

நேற்று அக்காவின் புதுக் கூடுகள் சந்தைக்குக் கிளம்பின. வண்டி ஏறுமுன் சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது. உள்ளங்கை நிறையக் கூடுகள் — ஒரு கறை இல்லை, பளிச்சென்று வெள்ளை.

"அக்கா, இதெல்லாம் நல்ல கூடாச்சே!"

"தொங்க வுடு கண்ணு. வெளிய வந்ததும் என்னையும் கூப்புடு."