சிவப்புக் கோடு வரை

நீலசந்திரா ஏரியாவில் வீணாவைப் போல வேகமான கை யாருக்கும் கிடையாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் முதலில் ஒரு ப்ளே ஹோமில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். வேன்காரர் ஹாரன் அடித்து முடிப்பதற்குள் வகுப்பு முழுவதற்கும் வாய் துடைத்து, ஷூ மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டு வாசலில் நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் பொம்மை மாதிரி கையைக் காலை நீட்டிக்கொண்டு நின்றால் போதும். பெற்றவர்களுக்கெல்லாம் அவள்மேல் அவ்வளவு பிரியம்.

அந்த வேகமே பிறகு அவளுக்கு வினையாக வந்தது. விவேக் நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் மாண்டிசோரி பள்ளிக்கு மாறினாள். பயிற்சியும் முடித்தாள். அங்கே எல்லாம் தலைகீழ். பிள்ளை பொத்தானோடு மல்லுக்கட்டினால் போட்டுவிடக் கூடாது. ஒருமுறை நிதானமாகச் செய்துகாட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று சிரிப்பவர்கள், ஒரு மூன்று வயதுப் பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு பொத்தான் போடுவதைக் கை நீட்டாமல் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். ஆரம்பத்தில் வீணாவின் கை தானாக நீளும். பள்ளியை நடத்தும் பார்கவி மேடம் அந்தக் கோடியிலிருந்தே, "வீணா, கை!" என்பார். உடனே கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஊறிப்போன பழக்கத்தை அப்படித்தான் கட்டிப்போட்டாள். அது லேசுப்பட்ட காரியமில்லை.

கவின் வந்தபோது அவனுக்கு நாலு வயது. தாகம் எடுத்தால் வாயைத் திறந்து காட்டுவான். யாராவது ஊற்ற வேண்டும். தனக்கும் இரண்டு கை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வீணா அவனுக்குத் தண்ணீர் ஊற்றக் காட்டினாள். சின்னக் கண்ணாடி ஜக், சின்னக் கண்ணாடி டம்ளர், டம்ளரில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதன் பிறகு அவன் வேறெதையும் தொடவில்லை. தினமும் ஜக், டம்ளர், சிந்தினால் துடைக்க ஒரு ஸ்பாஞ்ச். ஒரு டம்ளரை உடைத்தும் பார்த்துவிட்டான்.

அவன் அம்மா சிந்துவுக்குப் பொறுமை போயிற்று. சேலத்திலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் வீணாவிடம் சொன்னாள்: "பக்கத்து ஃப்ளாட் பாப்பா ஏபிசிடி எழுதுறா மேடம். இவன் தண்ணி ஊத்துறான். நாளைக்கு வந்து உக்காந்து பாக்குறேன். சரிப்படலைன்னா வேற ஸ்கூல்ல போட்டுர்றேன்."

வீணாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பையனின் விரல்கள் இப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தன. அம்மா முன்னால் கண்ணாடி உடைந்தால் எல்லாம் போச்சு. மறுநாள் காலை யாரும் வருமுன் கண்ணாடியை அலமாரியில் பூட்டிவிட்டு, அதே அளவில் எவர்சில்வர் ஜக்கையும் டம்ளரையும் தட்டில் வைத்தாள். அத்தனை பாடுபட்டுக் கட்டிப்போட்ட கை, இப்படிக் கொல்லைப்புறமாக வந்து வேலையைக் காட்டிவிட்டது.

சிந்து மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கவின் தட்டை எடுத்துவந்து ஊற்ற ஆரம்பித்தான். எவர்சில்வருக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கோட்டைத் தேடிக்கொண்டே ஊற்றினான். தண்ணீர் நிரம்பி, மேசையில் வழிந்து, தரையில் ஓடியது. சிந்துவின் முகம் சுருங்கியது.

கவின் அழவில்லை. வீணாவிடம் வந்து நின்றான். "ஆன்ட்டி, இது இல்ல. என்னோட கண்ணாடி எங்க?"

வாயைத் திறந்து காட்டிய பிள்ளை இன்று வாய்விட்டுக் கேட்கிறது. வீணாவுக்கு வெட்கமாக இருந்தது. நேராக சிந்துவிடம் போனாள். "தப்பு அவன்மேல இல்லைங்க. நீங்க வர்றீங்கன்னு பயந்துட்டு நான்தான் மாத்தி வெச்சேன்." பதிலுக்கு நிற்காமல் அலமாரியைத் திறந்து கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

கவின் முதலில் தரையைத் துடைத்தான். ஸ்பாஞ்சைப் பிழிந்தான். பிறகு ஜக்கை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினான். தண்ணீர் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்தினான். ஒரு சொட்டு வெளியே இல்லை.

வழக்கமாக அவனே குடித்துவிடுவான். அன்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தரையெல்லாம் பிள்ளைகள் பாய் விரித்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பாயையும் மிதிக்காமல், கண்ணை டம்ளரிலேயே வைத்து, சுற்றிச் சுற்றி மூலையை நோக்கி வந்தான். சிந்து பதறிப் பாதி எழுந்தாள், கை நீண்டது. எதிரே வீணா நின்ற விதத்தைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து, தன் கைகளை நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

கவின் வந்து நீட்டினான். "அம்மா, தண்ணி."

நாலு வருடம் அவன் வாயில் தண்ணீர் ஊற்றியவள் வாங்கிக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"இன்னும் வேணுமா?"

சிந்து வேண்டுமென்று தலையை ஆட்டிவிட்டு, காலி டம்ளரை மகனிடம் கொடுத்தாள்.