நெறி இல்லை

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில் பேயா என்று சிரிக்கவும் செய்யலாம். அன்று அந்த வார்டில் கிடந்தது என் மகளாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

அவள் கைக்குழந்தை. தொடை இடுக்கில் சின்னதாக ஒரு வீக்கம். காலில் கொசு கடித்த இடம் புண்ணாகியிருந்தது. அதனால் பார்த்தவர்கள் எல்லாரும், டாக்டர் உட்பட, ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "நெறி கட்டியிருக்கு. புண் ஆறினா தானா போயிடும்."

போகவில்லை. குடித்த பாலையெல்லாம் கக்கினாள். வார்டில் சேர்த்தோம். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். மதியம் மணி மூன்றே கால்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மடியில் போர்வை சுற்றிய குழந்தை. மேலே மின்விசிறி வேகமாக ஓடியது... போர்வை நுனி அசையவே இல்லை.

"நெறின்னாங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

எழுந்து வந்தாள். காலடிச் சத்தம் இல்லை. கைக் கட்டை விரலில் பெரிய தீக்காயத் தழும்பு. என் விரலைப் பிடித்து வீக்கத்தின் மேல் வைத்தாள். சில்லென்றிருந்தது...

"அழறப்ப பாருங்க. நெறின்னா பெருசாகாது."

மகள் வீறிட்டாள்.

வீக்கம் என் விரலைத் தள்ளியது...

"குடல்ண்ணா. ஓடுங்க."

ஓடினேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வந்தார். "குடல்தான் இறங்கியிருக்கு. வழக்கமா தொடை மடிப்புக்கு மேல வரும். இது கீழ, தொடைப் பக்கம். குழந்தைங்களுக்கு ரொம்ப அபூர்வம். நெறின்னு ஏமாந்துட்டோம். விடிய விட்டிருந்தா குழந்தை தங்கியிருக்காது."

சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன்.

நன்றி சொல்லப் போனால் அந்தக் கட்டிலில் மெத்தைகூட இல்லை. நர்ஸிடம் தழும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தத் தழும்பு... கீழ துணி துவைக்கிற அம்மாவுக்குத்தானே இருக்கு?"

கீழே போனேன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அதே முகம். அதே தழும்பு. தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"என் பையன் அந்தக் கட்டில்லதான் போனான். அதுக்கப்புறம் நான் மாடியே ஏறல தம்பி."

பிறகு மெல்லக் கேட்டார்.

"அவ மடியில பையன் இருந்தானா?"

"இருந்தான்."

"அழுதானா?"

"இல்லம்மா. தூங்கினான்."

விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அவனைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன்னுல்ல... இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."