எட்டாத இடத்தில் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, சுருட்டை முடி. அவர் வேலை பார்த்த கம்பெனியில் விழுந்தவர்; நான் சைக்கிளிலிருந்து விழுந்தவன். இருவருக்கும் வலது கால்தான் முறிந்திருந்தது. மாவுக்கட்டையும் ஒரே நாளில்தான் பிரித்தார்கள்.

எனக்கு வேண்டியதையெல்லாம் மனைவி கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவரோ தன் தண்ணீர்க் கூஜாவைக் கோடியில் இருந்த ஜன்னலில் வைத்திருந்தார். தாகம் எடுக்கும்போதெல்லாம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பதிவதைப் பார்த்துப் பார்த்து நடப்பார்.

“பக்கத்துலயே வெச்சிக்கினா இன்னா?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

“பக்கத்துல இருந்தா இந்தக் கால் எழுந்திருக்காது சார். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?”

என் மனைவியே ஒருநாள், “அவரப் பாருங்க, இன்னா அழகா நடக்கறாரு!” என்றாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் அவர் எல்லோர் முன்னாலும் வழுக்கி விழுந்தார். எனக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. அவரோ தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். “அவசரப்பட்டுட்டேன்” என்று காலைத் தடவிக்கொடுத்துவிட்டு, எழுந்து மறுபடி நடந்தார்.

அடுத்த வாரமே தடியில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். வெகுநாள் கழித்து நான் தடியூன்றிப் போனேன். அவருடைய நடையைவிட, விழுந்ததும் சிரித்தாரே, அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்கு இன்னும் பொறாமை.