அம்புக்குறி இல்லாத கிட்டார்

தேவேந்திரன் எப்போதும் கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, திருப்பதியில் கன்னிகா குடியிருக்கும் வீட்டின் மாடிப்படி ஏறினார். கன்னிகா தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் நின்று முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாரத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாள் அது.

"இன்னா அண்ணா, போன வாரம் சிரிச்சிக்கினு எடுத்துக்கினு போனீங்க. இப்ப மூஞ்சி இப்டி கீது?"

"மானம் போச்சிம்மா. நேத்து ரிகர்சல்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

தேவேந்திரன் கங்காதர நெல்லூர்க்காரர். பகலில் மாம்பழக்கூழ் கம்பெனியில் எடைமேடை பார்ப்பார். கல்யாண சீசனில் நாகபூஷணம் நடத்தும் சித்தூர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். அதே குழு, அதே நாற்காலி, இருபத்தாறு வருஷம். அந்தக் கிட்டாருக்குக் கம்பிகளின் கீழே இரண்டு பிக்கப்கள். கம்பி அதிர்வதைக் கேட்டு, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புகிற காந்தக் கட்டைகள். அவற்றில் பின்பக்கத்து பிக்கப் செத்துப்போனதால், புதிதாக ஒன்று வரவழைத்துப் போன ஞாயிறு கன்னிகாவிடம் கொடுத்தார். அவள்தான் மாற்றிக் கொடுத்தாள்.

"வாசிச்சிக்கினே கீறேன், கரகரன்னு சொல்லிட்டு அப்டியே நின்னுபோவுது. அப்புறம் தானா வருது. அதுகூட பரவால்ல. நடு சுவிட்ச்ல வெச்சா சத்தம் தகர டப்பால இருந்து வர மாதிரி ஒல்லியா கீது. நாகபூஷணம் சொல்லிட்டான். சாயந்திரம் சித்தூர் ரிசப்ஷன்ல சத்தம் சரியா வரலன்னா கீபோர்டுலயே கிட்டார் டோன் போட்டுக்கறானாம். என்ன வூட்லயே குந்திக்கச் சொல்லிட்டான்."

"இன்னைக்கு ஒரு நாளைக்கா?"

"இல்ல, இன்னையோட முடிஞ்சிச்சாம்."

கன்னிகா ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டாள். பாயை விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு, கிட்டாரைக் குப்புறக் கிடத்தினாள்.

கன்னிகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடிபாலாவில் ஊரார் கரும்புத் தோட்டங்களில் கூலிக்குப் போன நாகையாவின் இரண்டாவது மகள். பத்தாவது வரை தமிழில் படித்தாள். சித்தூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் சேர்ந்தபோது பாடம் எல்லாம் தெலுங்கு. எழுத்தே தெரியாமல் உள்ளே போய், ஆறே மாதத்தில் வகுப்புக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிற ஆளாகிவிட்டாள். பத்தொன்பது வயதில் சத்தியவேடு பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் திருப்பதியிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ்.

அங்கே அவள் உட்காருவது ரீவொர்க் மேஜையில். மெஷின் தப்பாகச் செய்ததைக் கையால் சரிசெய்யும் இடம். இரண்டு அரிசி மணிகளுக்கு நடுவே ஒரு கடுகை நிறுத்தி ஈயம் வைக்கச் சொன்னால் வைத்துவிடுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் லைன் லீடர் ஆக்குகிறோம் என்றார்கள். சம்பளம் கூடும், ஆனால் சால்டரிங் அயர்னைத் தொட முடியாது. வேண்டாம் என்றுவிட்டாள். "நோட்டு எழுதறதுக்கா நான் இவ்ளோ கத்துக்கினேன்?" என்று கேட்டாள். வீட்டில் இரண்டு மாதம் திட்டினார்கள்.

ரீவொர்க் மேஜையில் ஒரு வசதி உண்டு. பழுது எங்கே என்று பரிசோதகர்கள் முன்பே கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். கன்னிகா தேட வேண்டியதில்லை, சரிசெய்தால் போதும். கிட்டாருக்கு யாரும் அம்புக்குறி ஒட்டுவதில்லை. ஊர்த் திருவிழா மேடையில் ஒருநாள் இதே ஆர்கெஸ்ட்ராவின் மைக் ஒயர் அறுந்து நின்றபோது, கூட்டத்திலிருந்து எழுந்துபோய்ச் சரிசெய்தாள். அன்றைக்குத்தான் பழுதைத் தேடுவதிலும் ஒரு ருசி இருப்பதைக் கண்டுகொண்டாள். அதிலிருந்து குழுவில் எது கெட்டாலும் "சால்டரிங் அம்மாயி"யைத்தான், ஈயம் வைக்கிற பொண்ணைத்தான், தேடி வருவார்கள்.

பின்மூடியின் ஆறு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே ஒயர்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். நான்காவது ஒயர், வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பற்றவைத்த எர்த் ஒயர், ஈயக் குமிழோடு பெயர்ந்து வந்தது.

சமையல்கட்டிலிருந்து ரூபா எட்டிப் பார்த்தாள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை, அதே அறையில் வாசம். "ஏமே, மூணு வருஷமா பெஸ்ட் ஒர்க்கர் கப்பு வாங்கறவ வெச்ச ஈயம்தானா அது? எங்க ஊர்ல பொட்டு இத விட நல்லா ஒட்டும்."

கன்னிகாவுக்குக் காது சூடாயிற்று. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது குமிழை. மேலே பளபளப்பு, அடியில் ஒட்டவே இல்லை. கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி, மூன்று எண்ணுவதற்குள் அயர்னை எடுத்துவிட வேண்டும் என்பது. அதற்கு மேல் வைத்தால் போர்டு கருகிவிடும். பன்னிரண்டு வருஷத்தில் அந்த எண்ணிக்கை கைக்குள் போய்விட்டது. ஆனால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகு தடித்த இரும்பு. மூன்று எண்ணுவதற்குள் அது சூட்டைக் குடித்துவிடும், ஈயத்துக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

"இந்தக் குச்சி அயர்னு ஆவாது" என்றாள். ரூபா கீழ்வீட்டுக்கு ஓடி, மோட்டார் வைண்டிங் செய்கிறவரிடம் பெரிய அயர்ன் வாங்கி வந்தாள். "இந்தா. இதுல தோசையே சுடலாம்."

கன்னிகா இரும்பின் முதுகை உப்புத்தாளால் தேய்த்தாள். "ரூபா, நீ எண்ணு. எட்டு வரைக்கும். நான் தூக்கினா திட்டு."

"ஒன்... டூ... த்ரீ..."

கை தானாக எழும்பியது.

"வெய்டி கைய! போர், பைவ்..."

எட்டில் ஈயம் தண்ணீராகப் பரவி இரும்போடு ஒன்றிப்போனது. ஆறிய பிறகு இடுக்கியால் இழுத்தால் கிட்டாரே எழுந்து வந்தது. மற்ற எர்த் ஒயர்களையும் அப்படியே திரும்ப வைத்தாள். தேவேந்திரன் கிட்டார் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த சின்ன ஆம்பில் சொருகினார். கரகரப்பு போய்விட்டது. முன் பிக்கப் நன்றாகப் பேசியது, பின் பிக்கப் இன்னும் நன்றாகப் பேசியது.

"அவ்ளோதான்! நான் டீ போடறேன்" என்றாள் ரூபா.

தேவேந்திரன் சுவிட்சை நடுவில் தள்ளினார். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேச வேண்டிய இடம். அவர் மேடையில் முக்கால்வாசிப் பாட்டை வாசிப்பது அதில்தான். கம்பிகளை வருடினார். சத்தம் நோஞ்சானாக, அடிவயிறு இல்லாமல் வந்தது.

மணி பதினொன்றேகால். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் சித்தூர் போய்ச் சேருவதற்குள் நாகபூஷணம் மேடையை அடுக்கி முடித்திருப்பார்.

"போன வாரம் நடு சுவிட்ச் போட்டுப் பாக்கலியாம்மா நாம?"

"பாக்கல. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு டெஸ்ட் பண்ணேன். ரெண்டும் பாஸு. சேத்துப் பாக்கணும்னு தோணல."

"இப்ப இன்னா ஆச்சி அதுக்கு?"

"தெரியல அண்ணா."

"தெரியல" என்று சொல்கிற மெக்கானிக்குகள் குறைவு. தேவேந்திரன் தம் வாழ்க்கையில் பார்த்தவர்கள் எல்லாம் பிக்கப்பைக் குற்றம் சொல்லியிருப்பார்கள், அல்லது அவர் கையை. கன்னிகா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தனித்தனியாக இரண்டும் நல்லது. சேர்ந்தால் கெட்டது. அப்படியானால் பழுது இரண்டிலும் இல்லை, சேருவதில் இருக்கிறது.

"அண்ணா, மேடையில இந்த மாதிரி சத்தம் வேற எதுலயாவது கேட்டு கீறீங்களா?"

தேவேந்திரன் யோசித்தார். "ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டு வெப்பாங்கல்ல. அதுல ஒண்ணுக்கு மட்டும் ஒயர தலைகீழா குடுத்துட்டா பேஸ் சுத்தமா காணாம போவும். ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும்னு சவுண்டு செட்காரன் சொல்வான். இதுவும் அப்டிதான் கீது."

கன்னிகா எழுந்துவிட்டாள். பரணிலிருந்த பெட்டியைத் துழாவி ஒரு பழைய மீட்டரை எடுத்தாள். சித்தூர் காயலான் கடையில் வாங்கிய முள் மீட்டர்.

"நெம்பர் காட்டற மீட்டரு புதுசு வெச்சிக்கினு இத எதுக்குடி எடுக்கற?" என்றாள் ரூபா.

"அதுல நெம்பரு சும்மா ஓடும். எந்தப் பக்கம் போவுதுன்னு முள்ளுதான் சொல்லும்."

கிட்டாரில் ஒயர் சொருகும் ஜாக்கில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் மாட்டினாள். சுவிட்ச் முன் பிக்கப்பில். ஸ்குரூ டிரைவரின் இரும்பு முனையை பிக்கப்பின் காந்தத்தில் டொக் என்று வைத்தாள். முள் வலப்பக்கம் துள்ளியது. சுவிட்சைப் பின்னுக்குத் தள்ளி, அதேபோல் இன்னொரு டொக்.

முள் இடப்பக்கம் துள்ளியது.

மூவரும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார்கள். வலம், இடம். வலம், இடம். ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்கிறது. சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

கன்னிகா உள்ளே குனிந்து புது பிக்கப்பின் ஒயர்களைப் பார்த்தாள். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முடிந்து டேப் சுற்றியிருந்தது, அது சரி. பச்சை சுவிட்சுக்குப் போனது. கறுப்பு, உறையில்லாத கம்பியோடு சேர்ந்து எர்த்தில். பிக்கப் வந்த அட்டைப் பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த தாளை இப்போதுதான் பிரித்தாள். பிக்கப் செய்த கம்பெனிக்காரன் கணக்கில் கறுப்புதான் சத்தம் வருகிற ஒயர். எர்த் பச்சை.

அவள் வேலை பார்க்கிற லைனில் கறுப்பு என்றால் எர்த். கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். போன வாரம் அப்படித்தான் வைத்திருக்கிறாள்.

"தப்பு என்னுது அண்ணா" என்றாள். "தாளுகூட பிரிக்கல. கறுப்புன்னதும் கை அதுவா போயி எர்த்துல வெச்சிடுச்சி."

"வுடும்மா, இப்ப தெரிஞ்சிச்சில்ல."

"போன வாரமே தெரிஞ்சிருந்தா உங்கள பாத்து யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

பச்சையையும் கறுப்பையும் எடுத்து இடம் மாற்றினாள். உறையில்லாத கம்பியை எர்த்திலேயே விட்டாள். பச்சையை இரும்பின் முதுகில் வைக்கும்போது ரூபா எண்ண வாயைத் திறந்தாள். தேவையிருக்கவில்லை. கன்னிகாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, எட்டு வரை. மீட்டரில் முள் இரண்டுமுறையும் வலப்பக்கமே துள்ளியது.

மூடியைப் போடும் முன் ரூபாவின் நெயில் பாலிஷை வாங்கினாள். கறுப்பு ஒயருக்கு நேராக, உள்மரத்தில் சிவப்பாக ஒரு அம்புக்குறி வரைந்து ஊதி உலர்த்தினாள்.

"இது எதுக்கு?" என்றார் தேவேந்திரன்.

"நாளைக்கு இத்த தொறக்கறவனும் என்ன மாதிரி லைன்ல வேல பாத்தவனா இருந்துட்டா?"

சின்ன ஆம்பில் நடு சுவிட்ச் நிறைந்து ஒலித்தது. தேவேந்திரன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானார். கன்னிகா அயர்னையும் மீட்டரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நீ எங்கம்மா?"

"சின்ன ஆம்புல போன வாரமும் நல்லாதான் கேட்டிச்சி. மேடையில கேட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்."

"சோறு துன்னுட்டுப் போடி!" என்று ரூபா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

சித்தூர் மண்டபத்தில் நாலே கால் மணிக்கு நாகபூஷணம் மைக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கீபோர்டு பையன் கிட்டார் டோனைத் தேடி வைத்து, ஒரு பாட்டின் முன்னிசையை அதில் பழகிக்கொண்டிருந்தான். தேவேந்திரனைக் கண்டதும் நாகபூஷணம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரே, வாசி பாக்கலாம்."

தேவேந்திரன் பெரிய ஆம்பில் சொருகினார். முன் பிக்கப்பையும் தொடவில்லை, பின் பிக்கப்பையும் தொடவில்லை. நேராக நடு சுவிட்சுக்குப் போனார். கன்னிகா நாற்காலி வரிசையின் கடைசியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் விரல்கள் ஆறு கம்பிகளின்மேலும் இறங்கின. சத்தம் காலியான மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய், கன்னிகாவின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கிண்ணென்று அதிரவைத்தது. நாகபூஷணத்தின் கட்டிய கை தளர்ந்தது. இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார். வால்யூமைத் திருகச் சொன்னார். கரகரப்பு ஏதுமில்லை.

"இன்னாயா இது, புதுசு வாங்கினயா? யாரு பண்ணது?"

தேவேந்திரன் கடைசி வரிசையைக் கை காட்டினார். கன்னிகா எழுந்து நின்றாள்.

"கெடுத்ததும் நாந்தான் சார், சரிபண்ணதும் நாந்தான்."

நாகபூஷணம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கீபோர்டு பக்கம் திரும்பி, "டேய், அந்த கிட்டார் டோன எடுத்துடு. வயலின் மட்டும் வாசி" என்றார். தேவேந்திரனின் நாற்காலி மேடை ஓரத்தில் மடித்துச் சாத்தியிருந்தது. அதை நாகபூஷணமே எடுத்துவந்து, வழக்கமான இடத்தில் விரித்துப் போட்டார்.